இன்ஸ்டால் ஆகவில்லையா? திரையைப் படியுங்கள்!

(கேரளத்தின் காந்தலூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காந்தலூருக்கு வந்து பேச வேண்டும் என்று கேட்டபோது, எதைப் பற்றி என்று கேட்டேன். உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி பழுது பார்க்கிறேன். அந்த இருபது ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "அண்ணே, இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது" என்பது. அதைத்தான் இன்று பேசப்போகிறேன். ஒரு மென்பொருளைக் கணினியில் நிறுவும்போது அது ஏன் பாதியில் நின்றுபோகிறது? நின்றுபோனால் எங்கே பார்க்க வேண்டும்?

இது கணினிக்காரர்கள் பாடு, பூண்டும் கரும்பும் போடுகிற நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் நினைக்கலாம். ஐயா, உங்களுக்குத்தான் இதில் நிறைய இருக்கிறது. ஓய்வூதியத்துக்கு உயிரோடு இருப்பதைக் காட்ட ஆண்டுதோறும் மஸ்டரிங் செய்யப் போகிறீர்கள் அல்லவா? அங்கே ஒரு சின்னப் பெட்டியில் விரலை வைக்கிறீர்கள். அந்தப் பெட்டி வேலை செய்ய, அதன் மென்பொருள் கணினியில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் விரல் பதியாது. விரல் பதியாவிட்டால் பணம் நின்றுபோகும். கணினியைத் தொட்டே பார்க்காத ஒருவரின் அரிசிக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு இன்ஸ்டால் நிற்கிறது.

நான் கண்ணால் கண்ட ஒரு நாளைச் சொல்கிறேன். இதே மலைப்பகுதியில் மஸ்டரிங் செய்யும் ஒரு மையம். பெயர் வேண்டாம், ஏனென்றால் அங்கே இருந்த பெண்பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை. புதிய கைரேகைப் பெட்டி வந்திருக்கிறது. அதற்கு ஆர்.டி. சர்வீஸ் என்ற மென்பொருள் வேண்டும். கணினிக்குள் ஒரு மூலையில் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் சேவை அது. இணையப் பக்கம் கேட்டால், பெட்டியிடமிருந்து ரேகையை வாங்கிப் பூட்டி முத்திரையிட்டு அனுப்பும். அந்த மென்பொருள் ஏறவில்லை. பாதி ஏறுகிறது, நிற்கிறது. மறுபடி ஏற்றுகிறார்கள், அதே இடத்தில் நிற்கிறது. முதல் நாள் முழுதும் அப்படியே. இரண்டாம் நாளும் அப்படியே. வந்தவர்களிடம், "நெட் சரியில்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி மூன்றாம் முறையாக ஜீப்புக்குக் காசு கொடுத்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலையில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். என்ன கண்டேன் என்பதை இப்போது சொல்ல மாட்டேன். அதற்கு முன் நாம் கொஞ்சம் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

முதலில் மறையூர் வரை போய்வருவோம். அங்கே பாறைமேல் இருக்கும் முனியறைகளைப் பார்க்காதவர்கள் இந்தக் கூடத்தில் இருக்க மாட்டார்கள். பக்கத்துக்கொரு பலகைக்கல்லை நிறுத்தி, மேலே பெரிய மூடுகல்லை வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டு மழையிலும் காற்றிலும் அது நிற்கிறது. எதனால் நிற்கிறது? மூடுகல்லின் பலத்தாலா? இல்லை. கீழே இருக்கும் நான்கு கற்களால் நிற்கிறது. ஒரு பக்கக்கல்லை உருவிவிட்டால் மூடுகல் என்ன செய்யும்?

மென்பொருளும் அப்படித்தான். நிறுவுதல் என்ற சொல்லுக்கே நிலைநிறுத்துதல் என்றுதான் பொருள். நீங்கள் ஏற்ற நினைக்கும் மென்பொருள் மூடுகல். அதன் கீழே வேறு பல துண்டுகள் முன்கூட்டியே நின்றிருக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? மூடுகல் விழுந்தால் அதையே திரும்பத் திரும்பத் தூக்கி வைக்கிறோம். நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுகிறோம். வேறு தளத்திலிருந்து இறக்கி ஏற்றுகிறோம். பத்து முறை செய்தாலும் பத்து முறையும் விழும். கீழே கல் இல்லையே!

இது நம் ஊர்க் கணினிக்கு மட்டும் வருகிற நோய் என்று நினைத்துவிடாதீர்கள். 2016 மார்ச் 22 அன்று உலகம் முழுவதும் நிரலாளர்கள் திகைத்து நின்றார்கள். என்பிஎம் என்பது ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் தங்கள் துண்டுகளைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் கிடங்கு. ஒருவர் தன் படைப்புகளை அங்கிருந்து எடுத்துவிட்டார். அவற்றில் ஒன்றின் பெயர் லெஃப்ட்-பேட். ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் வெற்றிடம் சேர்த்து அகலத்தைச் சமன் செய்யும் வேலை, அவ்வளவுதான். மொத்தம் 11 வரி. அந்த 11 வரியை வேறொன்று நம்பியிருந்தது, அதை இன்னொன்று நம்பியிருந்தது. மேலே மேலே அடுக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள்களை அன்றைக்கு நிறுவ முடியவில்லை. பெரிய நிறுவனங்களின் மிகத் தேர்ந்த நிரலாளர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் அந்த 11 வரியைத் திரும்ப வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. யோசித்துப் பாருங்கள். திரையில் நின்றுபோனதாகத் தெரிந்தது ஒன்று, உண்மையில் காணாமற்போனது வேறொன்று.

இப்போது நம் தமிழுக்கு வருகிறேன். ஏனென்றால் இந்த உண்மையை எனக்குக் கற்றுக்கொடுத்ததே தமிழ்தான்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணினியில் தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஒரு எழுத்துரு. அதை இறக்கி ஏற்றாவிட்டால் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிவரியாக நிற்கும். பிறகு யூனிகோட் பரவியது. உலகின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான ஒரே எண்வரிசை, அதில் தமிழுக்கு 128 இடம் கொண்ட ஒரு தொகுதி. இனி ஒரே தமிழ், எங்கும் தமிழ் என்று மகிழ்ந்தோம். தமிழில் தட்டச்சு செய்ய இ-கலப்பை வந்தது, பிறகு என்.எச்.எம். ரைட்டர் வந்தது. ஆசையோடு ஏற்றினோம். தட்டினோம். என்ன வந்தது? கட்டம். கட்டம், கட்டமாக வந்தது!

சிலருக்குக் கட்டம் வரவில்லை. அதைவிட வருத்தமான ஒன்று வந்தது. எழுத்து வரும், ஆனால் உடைந்து வரும். மறையூர் என்று தட்டினால், றகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இணைக்கொம்பு அதற்குப் பின்னால் போய் நிற்கும். கொட்டகுடி என்று தட்டினால் ககரம் தனியே நிற்கும், கொம்பும் காலும் அதைவிட்டு விலகி ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். காந்தலூரின் லூ கூட ஒட்டாது. நம் பகுதியான அஞ்சுநாட்டின் ஊர்ப்பெயர்களை எழுதிப் பார்த்தாலே போதும், கணினியில் தமிழ் சரியாக ஏறியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்த நாளில் நான் அப்படித்தான் சோதித்தேன்.

எல்லோரும் யாரைக் குறை சொன்னார்கள்? இ-கலப்பையை. அது சரியில்லை, நீக்கு, மறுபடி ஏற்று என்றார்கள். நானும் ஏற்றினேன். ஒரே கணினியில் ஒரே நாளில் ஐந்து முறை ஏற்றியிருக்கிறேன். ஆனால் கலப்பை தன் வேலையைச் சரியாகவே செய்தது. தட்டிய எழுத்தை யூனிகோடாக மாற்றிக் கொடுத்தது. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய், காலை வலப்பக்கம் சேர்த்து, உயிர்மெய்யைக் கோத்துக் காட்டுவது கலப்பையின் வேலை இல்லை. அது விண்டோஸின் வேலை. அதைச் செய்யும் துண்டு விண்டோஸ் எக்ஸ்பியில் முழுதாக நிறுவப்படாமலே வந்தது. கண்ட்ரோல் பேனலில் மொழிகளுக்கான இடத்துக்குப் போய், "சிக்கலான எழுத்துமுறைகள்" என்று பொருள்படும் ஆங்கில வரிக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டத்தில் நாமே குறி போட வேண்டும். போட்டால்தான் தமிழ் தமிழாகத் தெரியும்.

கோடிக்கணக்கான மக்கள் பேசும் மொழியைக் காட்டும் வசதி, குறி போட்டால் கிடைக்கும், போடாவிட்டால் கிடைக்காது என்ற நிலையில் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாவில்தான் அது தானாகவே சேர்ந்து வந்தது.

குறி போட்டதும் முடிந்ததா? இல்லை. விண்டோஸ் நிறுவல் தட்டைப் போடு என்று கணினி கேட்கும். ஐ386 என்ற கோப்புறை எங்கே என்று கேட்கும். தட்டு யாரிடம் இருந்தது? கணினி விற்றவர் ஏற்றிக்கொடுத்துவிட்டுத் தட்டை எடுத்துப் போயிருப்பார். சர்வீஸ் பேக் இரண்டு ஏற்றிய கணினிக்குப் பழைய தட்டைப் போட்டால் அதையும் ஏற்காது, அந்தப் பதிப்புக்குரிய தட்டையே கேட்கும். நான் கடைசியில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தக் கணினியைத் தொட்டாலும் அந்த ஐ386 கோப்புறையை அதன் வன்வட்டிலேயே ஒரு நகல் போட்டு வைத்துவிடுவேன். அடுத்து வருகிறவர் தட்டுக்கு அலைய வேண்டாம் என்று.

பழங்கதை என்று சொல்லாதீர்கள். அதே நோய் இன்றைக்கும் வேறு பெயரில் இருக்கிறது. அலுவலகங்களில் பழைய மென்பொருள்கள் பல டாட்நெட் 3.5 என்ற துண்டைக் கேட்கின்றன. விண்டோஸ் 8 முதல் அது தானாக நிறுவப்பட்டு வருவதில்லை. ஏற்றப்போனால் 0 எக்ஸ் 800எஃப்081எஃப் என்று ஒரு பிழையெண் வந்து நிற்கும். பார்த்தவுடன் மனம் சோர்ந்துபோகும். ஆனால் அதன் கீழே ஒரு வரி இருக்கிறது. மூலக் கோப்புகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்கிறது. அன்றைக்கு ஐ386 எங்கே என்று கேட்டதைத்தான் இன்று இப்படிக் கேட்கிறது. பதிலும் அதேதான். உங்கள் கணினியில் இருக்கும் அதே விண்டோஸ் பதிப்பின் நிறுவல் பிரதியை எடுத்து, சோர்சஸ் கோப்புறைக்குள் எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று இருக்கும், அங்கே இருக்கிறது எடுத்துக்கொள் என்று டிஸ்ம் கட்டளை வழியாகக் காட்டிவிட்டால் ஏறிவிடும். பதிப்பு மாறினால் ஏறாது. அதில் மட்டும் கவனம் வேண்டும்.

ஆக, கணினி வாய்மூடி நிற்கிறதா? இல்லையே. அது நமக்குக் கடிதம் எழுதுகிறது. நாம்தான் படிக்காமல் குறுக்குக் குறியை அழுத்தி மூடிவிடுகிறோம்.

ஏன் மூடுகிறோம்? இந்த மலையில் நாம் பேசுவது தமிழ். அலுவலகத்திலிருந்து வரும் தாள் மலையாளம். கணினித் திரையில் வரும் எச்சரிக்கை ஆங்கிலம். மூன்று மொழிக்கு நடுவே நிற்கிற பிள்ளைக்கு, அந்த ஆங்கிலப் பெட்டி ஏதோ தன்னைத் திட்டுவதுபோல் தெரிகிறது. தான் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்ற பயத்தில் மூடிவிடுகிறது. பிள்ளைகளே, அது திட்டு இல்லை. அது முகவரி. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் முகவரி. செல்போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மூடுவதற்கு முன் படம். இதை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

சில எண்களைச் சொல்கிறேன், நினைவில் வையுங்கள். 1618 என்று வந்தால், வேறொரு நிறுவல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். காத்திருந்தால் போதும். எண்ணின் கடைசியில் 70005 என்று முடிந்தால் அனுமதி இல்லை என்று பொருள். நிர்வாகிக் கணக்கில் நுழைந்து ஏற்றுங்கள். 80070070 என்றால் வட்டில் இடமில்லை. எல்லாவற்றிலும் கொடியது 1603. ஏதோ தவறு என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. அப்போது நிறுவலின் பதிவுக் கோப்பைத் திறந்து, ரிட்டர்ன் வேல்யூ 3 என்ற சொற்களைத் தேடுங்கள். அந்த வரியில் ஒன்றும் இருக்காது. அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளில்தான் உண்மைக் காரணம் இருக்கும். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வயலில் நின்றுகொண்டா தேடுகிறோம்? வாய்க்கால் வழியே மேலே நடந்து போகிறோம் அல்லவா? அதே நடைதான்.

டிஎல்எல் காணவில்லை என்று வரும் செய்தியையும் சொல்ல வேண்டும். எம்எஸ்விசிபி140 இல்லை என்று வந்தால், அந்த ஒரு கோப்பை மட்டும் எங்கோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடாதீர்கள். அதோடு என்ன சேர்ந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உங்கள் கணினி 64 பிட் ஆக இருந்தாலும், ஏற்றுகிற மென்பொருள் 32 பிட் ஆக இருந்தால் அதற்கு 32 பிட் தொகுப்புதான் வேண்டும். என் தொழிலில் இருப்பவர்களே இதில் அடிக்கடி தவறுகிறார்கள்.

மாணவர்களே, உங்கள் பள்ளியில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். கேரளம் 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கி, பிறகு பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுபோனது. இந்தியாவுக்கே அது முன்மாதிரி என்பது என் உறுதியான எண்ணம். லினக்ஸில் வரும் தொல்லை வேறு. மழைக்காலத்தில் நிறுவிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விடும். மறுபடி வந்த பிறகு எதை ஏற்றப்போனாலும் ஏறாது.

மறையூர்ச் சர்க்கரை காய்ச்சும் ஆலையில் நின்று பார்த்திருப்பீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சர்க்கரை. கொப்பரையில் பாகு பாதி காய்ந்திருக்கும்போது அடுப்பு அணைந்துவிட்டால், அதன்மேலேயே புதிய கரும்புச் சாற்றை ஊற்றுவார்களா? மாட்டார்கள். மறுபடி தீ மூட்டி அதைக் காய்ச்சி இறக்க வேண்டும், இல்லையென்றால் கொப்பரையைக் காலி செய்ய வேண்டும். லினக்ஸும் அதையேதான் கேட்கிறது. ஏற்றும் கருவியான டிபிகேஜி பாதியில் நின்றது, இன்ன கட்டளையைக் கொடு என்று செய்தியிலேயே முழுக் கட்டளையையும் எழுதிக் காட்டுகிறது! அதைப் பார்த்து அப்படியே தட்டினால், அரைகுறையாகக் கிடப்பதை முடித்துவிட்டு மேலே போகும். காலையில் ஆய்வகத்தைத் திறந்தவுடன் பூட்டு கிடைக்கவில்லை என்று வந்தால், பின்னால் தானியங்கிப் புதுப்பித்தல் ஓடுகிறது என்று அர்த்தம். பொறுத்திருங்கள். அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிட்டு அவசரமாக ஏற்றுகிறவர்கள் கொப்பரையையே உடைக்கிறார்கள்.

சரி, இப்போது அந்தத் திண்ணைக்குத் திரும்புவோம். பாட்டி இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

நான் போனதும் ஏற்றிக் காட்டுங்கள் என்றேன். காட்டினார்கள். முக்கால் பங்கு போய் நின்றது. சேவையகத்தோடு பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை என்று ஒரு செய்தி. அதனால்தான் எல்லோரும் நெட் சரியில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். மலைக்கு அது வழக்கமான காரணம், உடனே நம்பத் தோன்றும். ஆனால் அதே கணினியில் பிரௌசரைத் திறந்தபோது, வந்தது வேறொரு எச்சரிக்கை. உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று அது சொன்னது. இரண்டு நாளாக அந்த எச்சரிக்கை வந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டு நாளாக மூடியிருக்கிறார்கள்.

திரையின் கீழ்மூலையைப் பார்த்தேன். ஆண்டு தவறாக இருந்தது. பல ஆண்டு பின்னால் இருந்தது.

கணினிக்குள் மதர்போர்டில் ஒரு சின்னப் பொத்தான் பேட்டரி இருக்கிறது. சிஆர்2032 என்று பெயர். எந்தக் கடையிலும் கிடைக்கும். கரண்ட் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓடவைப்பது அதன் வேலை. அது செத்துவிட்டால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னுக்கு ஓடிவிடும். இணையத்தில் பாதுகாப்பான இணைப்பு என்பது சான்றிதழை வைத்து நடக்கிறது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்ற எல்லை உண்டு. கணினியின் நாட்காட்டி பின்னால் இருந்தால், இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே என்று கணினி சந்தேகப்படுகிறது. கதவைத் திறக்க மறுக்கிறது. நிறுவலுக்கு வேண்டிய துண்டு வெளியே நிற்கிறது. நெட்டும் சரி, பெட்டியும் சரி, மென்பொருளும் சரி. அடியில் ஒரு கல் உருவப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

தேதியைத் திருத்தினேன். மறுபடி ஏற்றச் சொன்னேன். ஏறியது. பாட்டியின் விரல் இரண்டாம் முயற்சியில் பதிந்தது. உழைத்துத் தேய்ந்த விரல். பேட்டரியை அன்று மாலையே மாற்றினோம்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்வி என் மனத்தில் ஓடியது. அந்த மையத்துப் பெண்பிள்ளைக்கு இதை யார் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்? கைரேகைப் பெட்டி கொடுத்தார்கள், இலக்கு கொடுத்தார்கள், கடைசித் தேதி கொடுத்தார்கள். நின்றுபோனால் எங்கே பார்ப்பது என்று அவள் மொழியில் ஒரு தாள் யாராவது கொடுத்தார்களா? தெரியாததை ஒரு பிள்ளை தன் குற்றமாகச் சுமந்துகொண்டு இரண்டு நாள் மக்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. இது மாற வேண்டும். இதை வேறு யாரும் வந்து மாற்றப்போவதில்லை என்பதால்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எதையாவது நிறுவப் போகிறீர்களா? தொடங்குமுன் தேதியைப் பாருங்கள், வட்டில் இடத்தைப் பாருங்கள். நின்றுபோனால் படம் எடுங்கள். நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால், நேற்றுக்கும் இன்றுக்கும் நடுவே என்ன மாறியது என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஐந்தைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று உங்களுக்கே தெரியாது. வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு ஏற்று என்று யார் சொன்னாலும் உடனே கேட்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ஃபார்மட் போடு என்று சொல்பவரிடம், இதிலுள்ள கோப்புகளுக்கு நகல் எடுத்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. வரும்போது கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவந்தேன். இதோ இந்த மேசைமேல் இருக்கிறது. எந்த நாள், எந்தக் கணினி, எதை நிறுவினோம், திரையில் வந்த செய்தி எழுத்துக்கு எழுத்து, பிறகு என்ன செய்தோம், சரியானதா இல்லையா. இவ்வளவும் தமிழில் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் அந்தப் பொத்தான் பேட்டரியின் கதையை எழுதியிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் டாட்நெட் 3.5-க்கான கட்டளை இருக்கிறது. இந்த நூலகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் நோட்டு இங்கேயே இருக்கும், எடுத்துப் போகக் கூடாது. இந்த வாரம் பள்ளியிலோ, பஞ்சாயத்திலோ, கடையிலோ, வீட்டிலோ எது நின்றுபோனாலும், படத்தோடு வந்து மூன்றாம் பக்கத்திலிருந்து எழுதுங்கள். அடுத்த மாதம் நான் திரும்பி வந்து படிப்பேன்.